3 வாரம் என்று ஒப்புக்கொண்டு 11 வாரம் இழுத்த நூற்பட்டியல்

3 வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட வேலை 11 வாரம் இழுத்தது. அதில் முதல் 4 வாரம் செய்த அத்தனையும் வீணாகி, கோப்பை அப்படியே ஓரமாகப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். பேசிய தொகை 3 வார உழைப்புக்குத்தான். கூட்டிக் கேட்க வாய் வரவில்லை, தாமதத்துக்குப் பாதிக் காரணம் நானே என்று எனக்குத் தெரியும். நடுவில் வந்த இன்னொரு வேலையை நேரமில்லாமல் விட்டுக்கொடுத்தேன். தனியாக உட்கார்ந்து, கேட்க ஆளில்லாமல், ராத்திரி 2 மணிக்கு ஒரே பெயர் இரண்டு தடவை ஏன் வருகிறது என்று திரையை முறைத்துப் பார்த்த நாட்கள் அவை. எக்செல் நன்றாகத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கும் யாராவது இந்த மாதிரி வேலைக்குத் தலையாட்டுவதற்கு முன்னால் இதைப் படித்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

வேலை இதுதான். ஒரு சிறு நூலகத்தின் நூற்பட்டியல், 18,260 வரி. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், பொருள், ஆண்டு, வகைப்பாட்டு எண், அலமாரிக் குறியீடு, ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் அடையாள எண்) என்று நெடுவரிசைகள். பல வருஷமாகப் பல பேர் தட்டியது. பழைய பதிவேட்டைப் பார்த்து அடித்தவர்கள் சிலர், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடித்தவர்கள் சிலர். இதைப் புது மென்பொருளில் ஏற்ற வேண்டும், அதற்கு ஒரே ஆசிரியர் எல்லா வரியிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும். கோப்பை மேலோட்டமாகப் பார்த்தபோது புள்ளி, இடைவெளி, எழுத்துப்பிழை, அவ்வளவுதான் என்று தோன்றியது. மேலும் கீழும் உருட்டிப் பார்த்ததை வைத்தே நாள் கணக்குச் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை வெவ்வேறு மதிப்புகள் இருக்கின்றன, அதில் ஒரே ஒரு தடவை மட்டும் வருபவை எத்தனை என்று ஒரு பிவட் டேபிள் (மதிப்புகளைத் தொகுத்து எண்ணிக் காட்டும் எக்செல் வசதி) போட்டு எண்ணிப் பார்க்க அரை மணி நேரம் போதும். நான் எண்ணியது நான்காவது நாள். ஆசிரியர் நெடுவரிசையில் 6,912 வெவ்வேறு மதிப்புகள், அதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு தடவை வந்தவை. அந்த எண்ணிக்கையை முதலிலேயே பார்த்திருந்தால் 3 வாரம் என்று சொல்லியிருக்கவே மாட்டேன்.

முதல் நாள் நான் செய்த முதல் காரியம் ஆசிரியர் பெயரை வைத்து ஷீட்டை அகர வரிசைப்படுத்தியது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள், ஒரே மாதிரிப் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் திருத்த வசதி. செய்தேன், சேமித்தேன், மூடினேன். அதுதான் இந்தக் கதையிலேயே பெரிய தவறு, ஆனால் அது தவறு என்று எனக்குத் தெரிய நான்கு வாரம் ஆனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பதிப்பகம் நெடுவரிசையில்தான் முதல் மண்டையிடி. பிவட் டேபிளில் ஒரே பதிப்பகத்தின் பெயர் மூன்று வரியாக வந்தது. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன், வித்தியாசமே இல்லை. கடைசியில் இடைவெளி ஒட்டியிருக்கும் என்று, கூடுதல் இடைவெளியை நீக்கும் ட்ரிம் ஃபங்ஷனைப் போட்டேன், மூன்று இரண்டானது. அந்த இரண்டு மட்டும் ஒன்று சேர மறுத்தன. இதற்கு மட்டும் நான்கு நாள் போனது. லென் போட்டு நீளத்தை அளந்தபோது ஒன்று 14, இன்னொன்று 15. கடைசி எழுத்தை ரைட் கொண்டு பிடுங்கி, எழுத்துக்குக் கணினி வைத்திருக்கும் எண்ணைச் சொல்லும் யூனிகோட் என்ற ஃபங்ஷனில் கொடுத்தால் 160 என்று வந்தது. சாதாரண இடைவெளியின் எண் 32. 160 என்பது வரி உடையாமல் இருக்க இணையப் பக்கங்களில் போடும் இடைவெளி, யாரோ இணையத்திலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ட்ரிம் 32-ஐ மட்டும்தான் நீக்கும், 160-ஐத் தொடாது. சப்ஸ்டிடியூட் வைத்து 160-ஐ 32-ஆக மாற்றிவிட்டு அதற்கு மேல் ட்ரிம் போட்டால் சரியாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத சந்தேகம் எது வந்தாலும் முதலில் லென், அப்புறம் யூனிகோட். இந்த இரண்டும் தெரிந்திருந்தால் நான்கு நாள் வேலை நான்கு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

கிளீன் என்ற ஃபங்ஷனை நம்பி இன்னொரு அடி வாங்கினேன். அது 0 முதல் 31 வரையிலான கட்டுப்பாட்டு எழுத்துகளை நீக்கும், அதற்கு மேல் உள்ளதைத் தொடாது. அதாவது 160-ம் போகாது, அகலமே இல்லாத இடைவெளியான 8203-ம் போகாது. ஆனால் கட்டத்துக்குள்ளே என்டர் தட்டியிருந்தால் அது 10, அதை நீக்கிவிடும். நீக்கிய இடத்தில் எதையும் வைக்காது. தலைப்பு ஒரு வரி, துணைத் தலைப்பு அடுத்த வரி என்று ஒரே கட்டத்தில் இருந்த 300-க்கு மேற்பட்ட புத்தகங்களில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிட்டன. தலைப்பு எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பிரித்தேன். கிளீன் போடுவதற்கு முன்னால் 10-ஐயும் 13-ஐயும் இடைவெளியாகவோ ஒரு கோடாகவோ மாற்றிவிடுங்கள். பைத்தான் என்ற நிரல் மொழியில் செய்பவர்களுக்கும் ஒன்று: அதில் இடைவெளி நீக்கும் ஸ்ட்ரிப் ஓரத்தில் இருக்கும் 160-ஐ நீக்கிவிடும், ஆனால் 8203 அதன் கணக்கில் இடைவெளியே இல்லை, அப்படியே விட்டுவிடும். நடுவில் இருப்பது எதையும் அது தொடாது.

தமிழ் எழுத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு, இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. 'கொடி' என்று இரண்டு கட்டத்தில் இருக்கிறது, பார்வைக்கு ஒன்றேதான். ஒன்றின் நீளம் 4, இன்னொன்றின் நீளம் 5. காரணம், 'கொ'வில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொதுத் தரத்தில், இரண்டு விதமாக எழுதலாம். 3018 என்ற ஒரே குறியாக எழுதலாம், அல்லது ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். பழைய எழுத்துரு ஒன்றில் அடித்து, பின்னால் யூனிகோடுக்கு மாற்றிய வரிகளில் எல்லாம் இந்த இரண்டாவது வகை இருந்தது. 'கோ', 'கௌ' இரண்டுக்கும் இதே கதைதான். எக்செலில் இதற்கென்று ஒரு ஃபங்ஷன் இல்லை, பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற தொகுதியில் நார்மலைஸ் என்று ஒன்று இருக்கிறது, என்எஃப்சி என்று கொடுத்தால் பிரிந்ததை எல்லாம் சேர்த்துவிடும். ஆனால் அதையும் முழுக்க நம்ப முடியாது. 'ஸ்ரீ' என்பதை 'ஸ'வில் தொடங்கியும் எழுதுகிறார்கள், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வில் தொடங்கியும் எழுதுகிறார்கள், திரையில் பெரும்பாலும் ஒன்றாகவே தெரியும். 'ஔ' என்று ஒரே எழுத்தாக அடிக்காமல் 'ஒ', 'ள' என்று இரண்டாக அடித்திருப்பார்கள். இவற்றை நார்மலைஸ் சேர்க்காது. கணக்குப்படி அவை வேறு வேறு எழுத்துகள். நாமே ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துக்கொண்டு மாற்ற வேண்டியதுதான்.

கண்டுபிடித்து மாற்றும் வசதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு அதிகம் சேதம் செய்தது அதுதான். பொருள் நெடுவரிசையில் 'மற்ற', 'மற்றவை', 'இதர' என்று மூன்று இருந்தன. எல்லாம் 'இதர' ஆகட்டும் என்று 'மற்ற' என்பதைத் தேடி 'இதர' என்று மாற்றச் சொன்னேன். ஷீட் முழுக்க மாற்றியது. 'மற்றவை' என்பது 'இதரவை' ஆனதைப் பார்த்தவுடன் கையால் திருத்தினேன். பார்க்காமல் விட்டது தலைப்பு நெடுவரிசை. 'மற்றும்' வருகிற இடமெல்லாம் 'இதரும்' ஆகியிருந்தது. இரண்டு நாள் கழித்துத் தற்செயலாக ஒரு தலைப்பைப் படித்தபோதுதான் தெரிந்தது, அதற்குள் எத்தனையோ தடவை சேமித்தாகிவிட்டது. அந்த ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது இன்னும் நினைவிருக்கிறது. மாற்றும்போது வேண்டிய நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுங்கள், கட்டம் முழுதும் பொருந்தினால் மட்டும் மாற்று என்ற தேர்வை டிக் செய்யுங்கள். அதே போல ஆண்டு நெடுவரிசையில் '1978?' என்று சந்தேகக் குறியோடு சில இருந்தன. கேள்விக்குறியைத் தேடி வெற்றாக மாற்றச் சொன்னேன், நெடுவரிசை மொத்தமும் காலியாகிவிட்டது. எக்செல் தேடலில் கேள்விக்குறி என்றால் ஏதோ ஒரு எழுத்து, நட்சத்திரம் என்றால் எத்தனை எழுத்தானாலும். கேள்விக்குறியையே தேட வேண்டுமானால் முன்னால் அலைக்குறி, அதாவது ~ போட வேண்டும். நல்லவேளை, அதை உடனே பார்த்துத் திரும்பப் பெற்றேன்.

இன்னொன்றும் அப்போது தோன்றியது. அந்தக் கேள்விக்குறி குப்பையே இல்லை. பட்டியல் எழுதியவருக்கு ஆண்டு உறுதியில்லை என்பதை அது சொல்கிறது. நான் நீக்கியிருந்தால் சந்தேகம் உறுதியாக மாறியிருக்கும். இப்படிப்பட்டவற்றுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு நெடுவரிசை திறந்து, ஆண்டை இங்கேயும் சந்தேகத்தை அங்கேயும் வைப்பதுதான் முறை. காலிக் கட்டங்களும் அப்படித்தான். '-', 'இல்லை', 'தெரியவில்லை', '0', வெறும் புள்ளி என்று ஒன்பது வகையில் காலி இருந்தது. எல்லாவற்றையும் வெற்றாக்கிவிடத் தோன்றும். ஆனால் ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய புத்தகம் வேறு, ஐஎஸ்பிஎன் இருந்தும் பதிவேட்டில் எழுதாமல் விட்டது வேறு. ஒன்றுக்கு இனித் தேட வேண்டியதில்லை, இன்னொன்றுக்குத் தேட வேண்டும்.

எழுத்தாக இருக்க வேண்டியதை எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டதால் வந்த சேதம் தனி. வகைப்பாட்டு எண் 005.133 என்பது 5.133 ஆகியிருந்தது, முன்னால் உள்ள பூஜ்யங்களைக் காணோம். அலமாரிக் குறியீடு 3-4 என்று அடித்தவுடன் தேதி ஆகியிருக்கிறது, யாரோ பின்னால் அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றியதால் 45019 என்று ஓர் எண் நின்றது. எக்செல் 1900-இலிருந்து நாட்களை எண்ணுகிறது, 45019 என்றால் 2023 ஏப்ரல் 3. ஆண்டு அடிக்காவிட்டால் நடப்பு ஆண்டைப் போட்டுக்கொள்ளும், அதனால் ஒரே அலமாரிக்கு வெவ்வேறு வருஷங்களில் அடித்தவர்கள் வெவ்வேறு எண்ணை விட்டுப் போயிருந்தார்கள். அதைவிட மோசம், ஒருவர் கணினியில் நாள் முதலில், இன்னொருவர் கணினியில் மாதம் முதலில். அவர் 3-4 என்று அடித்தது 44989 ஆகியிருந்தது, அதாவது மார்ச் 4. எண்ணைத் திரும்பத் தேதியாக்கினால் மட்டும் போதாது, 3-4-ஆ 4-3-ஆ என்று யார் அடித்த வரி எது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய முடிந்தது. 12-க்கு மேற்பட்ட எண் வரும் குறியீடுகளை வைத்து ஓரளவு கண்டுபிடிக்கலாம், மாதம் 12-ஐத் தாண்டாது என்பதால் 15-4 என்பது மாதம் முதலில் வரும் கணினியில் தேதியாகாமல் எழுத்தாகவே தப்பித்திருக்கும்.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை என்று பின்னால் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மரபணுப் பெயர்களில் மார்ச்1, செப்ட்2 என்று சில உண்டு, எக்செல் அவற்றைத் தேதியாக்கிவிடும். எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. கடைசியில் 2020-இல் மரபணுக்களுக்கே பெயரை மாற்றினார்கள். இப்படித் தானாக மாற்றுவதை நிறுத்தும் தேர்வு எக்செலில் வந்தது 2023-இல்தான். உங்களிடம் அது இருந்தால் முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், டேட்டா மெனு வழியாக இறக்கி, எல்லா நெடுவரிசையையும் எழுத்து என்று குறித்துவிட்டு உள்ளே வாருங்கள்.

ஐஎஸ்பிஎன் விஷயத்தில் பாதி மீண்டது, பாதி போயிற்று. பழைய 10 இலக்க எண்களில் முன்னால் இருந்த பூஜ்யம் விழுந்து 9 இலக்கமாக நின்றவற்றுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து, கடைசி இலக்கமான சரிபார்ப்பு இலக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டால் சரியா தவறா என்று தெரிந்துவிடும். 13 இலக்க எண்கள்தான் பரிதாபம். எக்செல் அவ்வளவு நீள எண்ணைச் சுருக்கி 9.78, அதன் பக்கத்தில் பத்தின் அடுக்கு 12 என்று காட்டும். உள்ளே முழு எண் பத்திரமாக இருக்கும். ஆனால் அந்த நிலையில் சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரிவதைத்தான் எழுதும். எனக்கு முன்னால் யாரோ அப்படி ஒரு தடவை சேமித்திருந்தார்கள், 2,300 புத்தகங்களின் எண் 9.78-ஓடு நின்றுவிட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவர எந்த ஃபங்ஷனும் இல்லை, புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

சரி, இப்போது அந்த முதல் நாள் விஷயம். நான்காவது வாரக் கடைசியில் ஆசிரியர் நெடுவரிசை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் மிச்சமிருந்தவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மேற்படி' என்ற ஆசிரியர் பெயரில் 1,140 புத்தகங்கள் இருந்தன. கொஞ்ச நேரம் புரியவே இல்லை, புரிந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பதிவேட்டில் அடுத்தடுத்து ஒரே ஆசிரியரின் நூல்கள் வரும்போது மேலே உள்ளவரே என்பதற்காக 'மேற்படி' என்று எழுதியிருக்கிறார்கள். அது மேல் வரியை நம்பி நிற்கும் சொல். நான் முதல் நாளே வரிசையைக் கலைத்துவிட்டேன். 1,140 புத்தகங்களுக்கும் இப்போது ஆசிரியர் யாரென்று அந்தக் கோப்பைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. சேர்ப்பு எண்ணை, அதாவது நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிவேட்டில் வரிசையாகக் கொடுத்த எண்ணை வைத்துப் பழைய வரிசைக்குத் திரும்பலாம் என்று பார்த்தால், அந்த நெடுவரிசையில் நிறையக் காலி, சில இடங்களில் ஒரே எண் இரண்டு தடவை. எனக்கு அனுப்பப்பட்ட மின்னஞ்சல் இணைப்பு இருக்கிறதே என்று தேடினேன். அவர்கள் கோப்பை அனுப்பவில்லை, பகிர்ந்த கோப்புறையில் வைத்திருந்தார்கள், நான் வேலை செய்ததும் அதே கோப்பின் மேல்தான்.

இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் இருந்தேன். தூக்கம் இல்லை. சொல்லாமல் எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்று தலைப்புகளை இணையத்தில் தேடி ஆசிரியரைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன், ஒரு நாளில் 60 தாண்டவில்லை. மூன்றாம் நாள் நூலகரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "என் வீட்டுக் கணினியில் பழைய பிரதி ஒன்று இருக்கும், பார்த்துச் சொல்கிறேன்" என்றார். அன்று சாயங்காலம் அனுப்பிவைத்தார். அதில் 16,350 வரி, அதற்குப் பிறகு சேர்ந்த 1,910 வரி இல்லை. அந்தப் பிந்தைய வரிகளில் 'மேற்படி' குறைவு, 97 மட்டும்தான். அந்த இரண்டு நாளை ஏன் வீணாக்கினேன் என்று இப்போதும் வருந்துகிறேன். கோப்பைக் கெடுத்துவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே சொல்லிவிடுங்கள், பழைய பிரதி எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது தடவை தொடங்கும்போது செய்தவை இவை. வந்த கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டி, தேதி போட்ட பெயரில் வேறு இடத்தில் வைத்தேன். வேலைப் பிரதியில் முதல் நெடுவரிசையாக 1, 2, 3 என்று வரி எண் போட்டேன், அதை எழுத்தாலோ வாய்ப்பாட்டாலோ தொடவே கூடாது என்று முடிவு செய்தேன். பிறகு எதையும் வரிசைப்படுத்தும் முன்னால் 'மேற்படி'களையெல்லாம் மேல் வரியில் உள்ள பெயரால் நிரப்பினேன். மூல நெடுவரிசை எதையும் திருத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திருத்திய நெடுவரிசை ஒன்று. திருத்தத்தையும் கட்டத்தில் கையால் அடிக்கவில்லை. தனி ஷீட்டில் ஒரு மாற்று அட்டவணை, இடது பக்கம் இருப்பது, வலது பக்கம் வர வேண்டியது, மூன்றாவதாக ஏன் என்று ஒரு குறிப்பு. அட்டவணையில் தேடி எடுத்து வரும் விலுக்அப் என்ற ஃபங்ஷன் அதை வைத்துத் திருத்திய நெடுவரிசையை நிரப்பும். விலுக்அப்பின் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் கொடுக்க மறக்காதீர்கள், கொடுக்காவிட்டால் ஏறக்குறையப் பொருந்துவதை எடுத்து வந்து தப்பான பெயரைச் சத்தமில்லாமல் வைத்துவிடும். இந்த முறையில் ஒரு முடிவு தப்பு என்று பின்னால் தெரிந்தால் அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் போதும், 40 புத்தகங்கள் தாமாகச் சரியாகிவிடும். முதல் தடவை இப்படி ஒரு தப்புக்கு அரை நாள் போயிருந்தது.

பெயர்களைச் சேர்ப்பதற்கு ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருளில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. நிறுத்தக்குறிகளை நீக்கி, சொற்களாகப் பிரித்து, அந்தச் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, திரும்பவும் ஒட்டினால் ஒரு சாவி கிடைக்கும். ஒரே சாவி வருபவை ஒரே ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். ராமன் என்று ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம், 'எஸ். ராமன்', 'எஸ்.ராமன்', 'ராமன், எஸ்.' மூன்றும் ஒரே சாவிக்கு வந்துவிடும், புள்ளியை வெற்றாக்காமல் இடைவெளியாக மாற்றினால். இதை நான் பைத்தானில் எழுதினேன், எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை. எழுத்தும் எண்ணும் அல்லாததை நீக்கு என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமொழி) வழக்கமாகப் போடும் குறியைப் போட்டேன். பைத்தானின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கிடுவதில்லை. எல்லாக் காலும் கொம்பும் புள்ளியும் உதிர்ந்துவிட்டன. 'காலம்', 'கோலம்', 'கலம்' மூன்றுக்கும் 'கலம' என்று ஒரே சாவி. நல்லவேளையாக அட்டவணையில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு குழுவையும் கண்ணால் பார்த்ததால் பிடித்தேன். இவற்றை நீக்கு என்று நிறுத்தக்குறிகளை நாமே பட்டியலிட்டுக் கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

எழுத்துப்பிழைக்கு, இரண்டு சொற்களுக்கு நடுவே எத்தனை எழுத்து மாற வேண்டும் என்று எண்ணும் முறை இருக்கிறது, 1965-இல் லெவன்ஷ்டைன் என்ற ரஷ்யக் கணித அறிஞர் வகுத்தது. அது 'இராமன்', 'ராமன்' இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து காட்டும். ஆனால் முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் வித்தியாசம் ஓர் இலக்கம்தான், அப்பாவுக்கும் மகனுக்கும் பெயரில் வித்தியாசம் சில சமயம் ஒரே ஒரு முன்னெழுத்துதான். இந்தக் கணக்கு காட்டுவதை ஒருபோதும் தானாகச் சேர்க்க விடாதீர்கள். சேராமல் விட்ட இரண்டு பெயர் பார்த்தவுடன் தெரியும், நாளைக்கும் சேர்க்கலாம். தவறாகச் சேர்த்த இரண்டு ஆள் வெளியே தெரியவே மாட்டார்கள். நான் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் சேர்க்காமல் 'கேட்க வேண்டும்' என்று குறித்து வைத்தேன், வாரத்துக்கு ஒரு நாள் நூலகரோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலை மட்டும் பார்த்தோம். எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் முடிவுகளை அவர் ஒரு நொடியில் சொன்னார். முதல் வாரத்திலேயே அவரிடம் இந்த நேரத்தைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். மதிப்பைத் திருத்துகிறவருக்கு மென்பொருள் தெரிந்தால் போதாது, அந்த மதிப்பு எதைக் குறிக்கிறது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒப்பந்தத்திலேயே அந்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாவது வாரம் ஆசிரியர் நெடுவரிசை 4,105 பெயர்களில் வந்து நின்றது. ஒவ்வொரு நாள் முடிவிலும் மூன்று சரிபார்ப்பு செய்தேன். வரி எண்ணிக்கை காலையில் இருந்ததுதானா, காலிக் கட்டங்களின் எண்ணிக்கை காரணமில்லாமல் கூடியிருக்கிறதா, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த 30 வரிகளில் மூலமும் திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சரியா. இதற்கு 20 நிமிடம் ஆகும். பாண்டாஸ் என்ற பைத்தான் தொகுதியில் கோப்பைத் திறந்த ஒரு நாள் காலிக் கட்டம் 11 கூடியிருந்தது, பார்த்தால் ஆங்கில நூல்களின் பட்டியலில் நல் (NULL) என்று தலைப்புக் கொண்ட வரிகளையும், என்ஏ (NA) என்று குறியீடு போட்ட வரிகளையும் அது காலி என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. கீப் டிஃபால்ட் என்ஏ என்பதை ஃபால்ஸ் என்று கொடுத்துத் திறக்க வேண்டும், எல்லாவற்றையும் எழுத்தாகவே படி என்றும் சொல்ல வேண்டும். அந்த எண்ணிக்கையைப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த 11 புத்தகமும் காணாமல் போயிருக்கும்.

முடித்துக் கொடுக்கும்போது மூலக் கோப்பு, திருத்திய கோப்பு, மாற்று அட்டவணை மூன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். ஆசிரியர், பதிப்பகம், பொருள் மூன்றுக்கும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி டேட்டா வேலிடேஷன் வைத்தேன், புதுப் பெயர் சேர்க்க வேண்டுமானால் முதலில் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஐஎஸ்பிஎன் தவிர்த்து, தீராமல் 212 வரி மிஞ்சியது. பாதி பழைய பிரதியில் இல்லாத அந்தப் பிந்தைய வரிகளின் 'மேற்படி', பாதி அலமாரிக் குறியீடு தேதியாகிப் போனவை. அவற்றை ஊகித்து நிரப்ப மனம் வரவில்லை, தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். அடுத்த நாள் மத்தியானம் நூலகரும் அவருடைய உதவியாளரும் தாளை எடுத்துக்கொண்டு அலமாரி அலமாரியாக நடந்து, புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்து, பேனாவால் எழுதிக் கொண்டுவந்தார்கள். 4 மணி நேரத்தில் 203 முடிந்துவிட்டது. மிச்சம் 9 புத்தகம் அலமாரியில் இல்லை, அவற்றின் எதிரே 'தேட வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள், அந்த இரண்டு சொல்லை அப்படியே குறிப்பு நெடுவரிசையில் ஏற்றிவிட்டுக் கோப்பை மூடினேன்.